கை வைக்காத இடம்

கப்பலில் ஏற வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "நீங்கள் போலீஸா?" என்பதுதான். இல்லை. கஸ்டம்ஸா? அதுவும் இல்லை. கப்பல்காரருடைய ஆட்களா? கப்பல்காரரிடம் போய் அப்படிக் கேட்டால் துள்ளி விழுவார்கள். கப்பலுக்குள் கால் வைத்த பிறகுதான் அவர்களுடைய பொறுப்பு. அதற்கு முன்னால், கார் நிறுத்துகிற இடத்திலிருந்து கப்பல் ஏணி வரைக்கும், டெர்மினலின் பொறுப்பு. டெர்மினல் அந்தப் பொறுப்பை ஒரு செக்கியூரிட்டி கம்பனியிடம் கொடுத்திருக்கிறது. கம்பனி அதை ஷிப்டுக்கு இருபத்தாறு பேர் என்று எங்களிடம் கொடுத்திருக்கிறது. கடைசியில் பார்த்தால், இரண்டாயிரம் பேர் ஏறுகிற கப்பலின் பாதுகாப்பு, கறுப்புக் கால்சட்டை போட்ட, முழங்கால் வலிக்கிற, ஐம்பத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் இரண்டு கைகளில் வந்து நிற்கிறது.

அந்தப் பெண் நான். பெயர் சிவரூபினி. எங்கள் சூப்பர்வைசர் லெஸ்லிக்கு அது வாயில் நுழையாது என்பதால் வேலையில் நான் ரூபி. லெஸ்லி இந்தத் தேம்ஸ் கரையிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன். தகப்பன் இதே துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். நல்ல மனிதன்தான், கோபம் வந்தால் மட்டும் காது இரண்டும் சிவந்துவிடும்.

கப்பல் வருகிற நாட்களில் கம்பனி வான் குட்மேய்ஸ் ஸ்டேஷனடிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள். பன்னிரண்டு மணிக்குப் புதுப் பயணிகள் ஏறத் தொடங்குவார்கள். பை எக்ஸ்ரேக்குள் போகும். ஆள், உலோகம் பார்க்கிற வாசலுக்குள்ளால் வரவேண்டும். வாசல் கத்தினால், ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் கையால் தடவிச் சோதிக்க வேண்டும். கத்தின பொருள் எதுவோ அதைக் கண்ணால் காணவேண்டும், கையால் திருப்பிப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

கையால் செய்கிற வேலை என்பதால்தான் எனக்கு இது பிடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மனுசன் குகனேசன் கொரோனாவின் முதல் அலையில் போனவர். ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. செத்த வீட்டுக்குப் பத்துப் பேர்தான் வரலாம் என்றார்கள், அந்தப் பத்துப் பேரும் பயத்தில் வரவில்லை. தாலிக்கொடியைக் கழற்ற ஆள் இல்லை. கமராவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐயர், "அம்மா, நீங்களே எடுத்து வையுங்கோ" என்றார். குசினிக்குள் நின்று நானே தலைக்கு மேலால் எடுத்தேன். இருபத்திநாலு வருஷம் கழுத்தில் கிடந்தது வெளியே வர ஒரு நொடிதான் எடுத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யாரில் என்று கேட்டால் தெரியாது.

அதற்குப் பிறகு சனம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. லண்டன் சனம் நாகரிகமானது. "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் செய்யிறம்" என்று மட்டும் சொல்லும். நான் ஆரத்தித் தட்டில் கை வைக்கப் போனால் ஒருத்தி ஓடி வந்து, என் முழங்காலைப் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டே தட்டை வாங்கிவிடுவாள். என் முழங்காலுக்கு இவ்வளவு அனுதாபிகள் இருப்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

போன ஏப்ரலில் என் தங்கச்சி துசியந்தியின் மகள் கோசிகாவின் கலியாணம், இல்போர்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க. தட்டு எங்கள் வரிசைக்கு வருகிறது. நான் குனிந்து கதிரைக்குக் கீழே என் ஹாண்ட்பாக்கைத் தேடத் தொடங்கினேன். ஹாண்ட்பாக் மடியில் இருந்தது. தட்டு போய் இரண்டு வரிசை தாண்டும் வரை தேடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே செய்தேன். நிமிர்ந்தபோது மேடையிலிருந்து துசியந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலையில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு பெண்களை என் கை தொடும். வெள்ளைக்காரிகள், சீனப் பெண்கள், நைஜீரியப் பாட்டிமார், கலியாணம் முடித்த கையோடு ஹனிமூன் போகிறவர்கள். ஒருத்தரும் உன் புருஷன் இருக்கிறானா என்று கேட்பதில்லை. கையை விரி என்றால் விரிப்பார்கள், திரும்பு என்றால் திரும்புவார்கள். ஒரேயொரு இடத்தில்தான் என் கை போகாது. தாலி.

அமங்கலி ஒருத்தி கை வைத்தால் அந்தத் தாலிக்கு ஆகாது என்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். பகலில் நல்லாகத் தெரியும். ஆனால் எங்கள் பெண்கள் கப்பலேற வரும்போது பத்துப் பவுண், பதினைந்து பவுண் கொடியோடு வருவார்கள், வாசல் கத்தும், என் கை கழுத்தடிக்குப் போய்விட்டுத் தானாகத் திரும்பிவிடும். "கொடிதானே? போங்கோ" என்று விட்டுவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் வேறொரு ஆள் தாலியைக் கழற்றச் சொல்லி, அந்த மனுஷி அழுது பெரிய முறைப்பாடாகிவிட்டது. லெஸ்லி என்னைக் கூப்பிட்டு, "ரூபி, இது உங்களுடைய ஆட்களின் விஷயம். எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தா" என்றான். எழுதினேன். தாலி என்றால் என்ன, கழற்றச் சொல்லக் கூடாது, பெண்தான் சோதிக்க வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும், எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'கணவனைத் தவிர வேறு யாரும் இதைத் தொடுவதில்லை.'

அப்படி ஒரு வழக்கம் எங்களில் கிடையாது. தங்கவேலை செய்கிறவர் தொடுகிறார், டாக்டர் தொடுகிறார், சபையே தொட்டு ஆசீர்வதிக்கிறது. தொடக்கூடாதவள் என்று நான் நம்பினது என்னைத்தான். அதை எழுத வெட்கமாக இருந்தது, சமயத்தின் தலையில் கட்டிவிட்டேன். தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டினார்கள். எல்லோரும் படித்துத் தலையாட்டினார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. நோர்வே போகிற கப்பல். நல்ல காட்டன் சேலை கட்டின ஒரு தமிழ்நாட்டுப் பெண் வந்தாள், நாற்பது வயதிருக்கும். வாசல் கத்தியது. நான் கையில் பிடிக்கிற கருவியைக் கொண்டுபோனேன். நெஞ்சடியில் பலமாகக் கத்தியது.

"தாலி மேடம்," என்றாள். "என் வீட்டுக்காரரைத் தவிர வேற யாரும் இதைத் தொட மாட்டாங்க."

அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த வசனத்தை உலகத்தில் எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஏனென்றால் அது நான் இட்டுக்கட்டினது. ஆனால் எனக்கு ஏற்பட்டது ஆறுதல். அவளே வேண்டாம் என்கிறாள், பிறகென்ன?

"சரி, போங்கோ," என்றேன்.

அவள் நாலு அடி நடந்து திரும்பி வந்தாள். கையில் ஒரு அட்டை. இரகசியச் சோதனைக்காக வந்தவர் என்று அதில் எழுதியிருந்தது. பெயர் லக்ஷ்மிப்ரியா. ரவிக்கைக்குள் கையை விட்டு உள்ளங்கை நீளத்தில் ஒரு தகட்டுக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். கூர் மழுங்கினது, சோதனைக்கென்றே செய்தது. இருந்தாலும் கத்தி கத்திதான்.

"மன்னிச்சுக்கோங்க. என் வேலை இது," என்றாள்.

கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "நீங்கள் போட்டிருக்கிறது உண்மைத் தாலியோ?"

"ஆமா, உண்மைதான்."

"அதிலை போய்க் கத்தியைக் கட்டினீங்களோ?"

"அதுல கட்டலை மேடம். பக்கத்துல வேற செயின்ல. அதுல எப்படிக் கட்டுவேன்?" என்றாள். அவளுக்கும் முகம் சரியில்லை.

வரிசையை மூடினார்கள். பிறகு தொடங்கியது யாருடைய பொறுப்பு என்ற விளையாட்டு. கப்பல்காரர் டெர்மினலைக் கேட்டார்கள். டெர்மினல், எங்கள் கையில் என்ன இருக்கிறது, கம்பனியைக் கேளுங்கள் என்றது. கம்பனி ஷிப்டைக் கேட்டது. ஷிப்டுக்குப் பொறுப்பு லெஸ்லி. அவன் காது இரண்டும் சிவக்கச் சிவக்க என் முன்னால் அந்தத் தாளை வைத்தான்.

"சோதனைக்காரிக்கு இதைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ரூபி. நம்முடைய ஓட்டை எது என்று நம்முடைய சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்."

அந்தக் கடைசி வரி பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்கட சமயம் அப்படி," என்றேன். லெஸ்லி சமயத்தை எதிர்த்துப் பேசமாட்டான். பேசினால் வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம்.

முடிவு இதுதான். எனக்கு இரண்டு நாள் திரும்பப் பயிற்சி. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு இரகசியச் சோதனை வரும். அதிலும் விட்டால் வாசலிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். வாசலிலிருந்து எடுத்தால் வேறு எங்கேயும் போடமாட்டார்கள். வீட்டில் இருக்க வேண்டியதுதான். இருங்கோ அக்கா, நாங்கள் செய்யிறம்.

அன்று வீட்டுக்கு வந்து அலுமாரிக்குள் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து என் கொடியை எடுத்தேன். கதிரையின் முதுகில் போட்டேன். வலது கையால் தூக்கு, திருப்பு, பின்னால் பார், விடு. மறுபடியும் தூக்கு, திருப்பு. ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் இதைத்தான் செய்தேன். சுவரில் அவர் படமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாக்கிறியள்? உங்களாலைதான் எல்லாம்," என்று ஒருநாள் நன்றாகப் பேசிவிட்டேன்.

வேலையில் எந்தத் தமிழ் முகத்தைக் கண்டாலும் எனக்குச் சோதனைக்காரியாகவே தெரிந்தது. ஒரு பல் டாக்டர் அம்மாவின் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்க வைத்து அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் மூன்று கிழமையாகத் தாலி ஒன்றும் வரவில்லை.

ஜூன் நடுவில் வந்தது.

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்த ஒரு தம்பதி. மனுசன் சக்கர நாற்காலியில், மூக்கில் ஒக்சிஜன் குழாய், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மனுஷிக்கு எழுபது இருக்கும், நெற்றி நிறையக் குங்குமம். போர்டிங் கார்டில் கணேசலிங்கம், கமலாம்பிகை என்றிருந்தது. அவரை நாற்காலியோடு ஆண்கள் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த அம்மா வாசலுக்குள்ளால் வந்தார். வாசல் கத்தியது.

நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். சக்கர நாற்காலி, ஒக்சிஜன், குங்குமம். இந்த முறை நல்லாகத்தான் ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"தனி அறைக்கு வாங்கோ," என்றேன். குரலில் ஈரமே இல்லை.

"என்ன பிள்ளை, ஏதும் பிழையோ?"

"சும்மா ஒரு செக்."

விதிப்படி அறையில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். கம்சிகாவைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயது, ஃபாரஸ்ட் கேட்டில் பிறந்தவள், தமிழ் விளங்கும், பேசினால் பாதி ஆங்கிலம் வரும். என் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த அம்மா தன்பாட்டில் கொடியை வெளியே எடுத்துவிட்டார். தடித்த கொடி. எண்ணெயும் குங்குமமும் பட்டுப் பட்டு நிறம் மங்கின தாலி. நான் கையைக் கொண்டுபோனேன். பாதி வழியில் கை நின்றது. கதிரை முதுகில் இது நடக்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு, நான் கையுறை போடுவதற்காக மோதிரம்கூட இல்லாமல் வைத்திருக்கிற விரல்களை. எங்கள் பெண்களுக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

"பிள்ளை, உங்கட அவர் இருக்கிறார்தானே?"

கம்சிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஓம்," என்றேன். "வீட்டில இருக்கிறார்."

"அப்ப சரி. பாருங்கோ," என்று அவர் கழுத்துத் தெரிய நாடியைத் தூக்கினார்.

தொட்டேன். தூக்கினேன், திருப்பினேன், பின்னால் பார்த்தேன். பக்கத்தில் வேறு சங்கிலி இருக்கிறதா என்று கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினேன். ரவிக்கை விளிம்பைத் தடவினேன். ஒன்றும் இல்லை. இடுப்பில் ஒரு சேப்டி பின், அதில் ஒரு நூல். ஐயர் ஓதிக் கட்டினது.

"அவருக்காகக் கட்டினது," என்றார் கமலாம்பிகை அக்கா. "டொக்டர்மார் இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டிட்டினம். கடலைப் பாக்கவேணும் எண்டு ஒரே பிடிவாதம். எட்டு நாள் போயிட்டு வாறம்."

என் கையிலிருந்து தாலி நழுவி அவர் நெஞ்சில் விழுந்தது. அவரே அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி உள்ளே விட்டார்.

அவர் வெளியே போன பிறகு கம்சிகா கேட்டாள். "அக்கா, ஏன் லை பண்ணினீங்கள்?"

"நான் எங்கை பொய் சொன்னனான்? அவர் வீட்டில தான் இருக்கிறார். ஹோலுக்குள்ளை, படத்திலை." சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

நேரே லெஸ்லியிடம் போனேன். "என்ன, பாஸா?" என்று கேட்டேன்.

"எதில்?"

"சோதனையில். அந்தச் சக்கர நாற்காலி அம்மா."

லெஸ்லி என்னைப் புதினமாகப் பார்த்தான். "உன்னுடைய சோதனை போன செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது, ரூபி. மூட்டுக்குப் பட்டி கட்டின வெள்ளைக்காரக் கிழவி, ஞாபகம் இருக்கிறதா? பட்டிக்குள் இருந்த நகக் கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் தந்தாயே. அதுதான். கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. சொல்ல இருந்தேன்."

வேலை தப்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். நான் போய்க் கழிப்பறையில் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். ஏன் கழுவுகிறேன் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். சோதனை இல்லை, ஒன்றும் இல்லை. சாகக் கிடக்கிற புருஷனோடு கடல் பார்க்கப் போகிற மனுஷியை மூடின அறைக்குள் கொண்டுபோய், பொய் சொல்லி, தொட்டிருக்கிறேன். நான் நம்புவது பைத்தியக்காரத்தனம் என்றால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அந்த மனுஷி நம்புகிறாரே. அதனால்தானே கேட்டார்?

எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பலில் ஆட்கள் செத்தால் கடைசியாக, எல்லோரும் இறங்கின பிறகு, பின்பக்கக் கதவால் கறுப்பு வானில் கொண்டுபோவார்கள். வயதானவர்கள் போகிற கப்பல்களில் அது வழக்கம்தான். கப்பல் திரும்பி வந்த காலையில் நான் வேலை தொடங்குகிற நேரத்துக்கு முன்னமே டெர்மினல் ஹோலில் போய் நின்றேன். ஆட்கள் இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், அவர்களைக் காணவில்லை. பின்பக்கக் கதவை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். கறுப்பு வான் இல்லை. இன்னும் வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சக்கர நாற்காலி வந்தது. ஒக்சிஜன் குழாய், தலையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே கணேசலிங்கம் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதுவிடுவேன் போல் இருந்தது.

கமலாம்பிகை அக்கா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பைக்குள் கையை விட்டு, அதே போல் இன்னொரு தொப்பியை எடுத்தார்.

"பிள்ளை, உங்களைத்தான் தேடினனான். இவருக்கு நோர்வேயில ஒண்டு வாங்கேக்கை உங்கட அவருக்கும் ஒண்டு எடுத்தனான். இந்த நாட்டுக் குளிருக்கு உதவும். இந்தாங்கோ."

பயணிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது கம்பனி விதி. உண்மையான விதி, சுவரில் ஒட்டின விதி. அதைச் சொன்னால் போதும், எல்லாம் அழகாக முடிந்துவிடும். "எங்களுக்கு வாங்க..." என்று தொடங்கியும்விட்டேன். அப்போதுதான் எனக்கு என் குரல் கேட்டது. எங்கட சமயம் அப்படி என்று லெஸ்லியிடம் சொன்ன அதே குரல். ஹாண்ட்பாக்கைத் தேடின அதே நான்.

"அவர் இல்லை அக்கா," என்றேன். "அஞ்சு வருஷம். அண்டைக்கு நான் பொய் சொன்னனான்."

அக்காவின் இடது கை மேலே போய், சேலைக்கு மேலால், தாலி கிடக்கிற இடத்தைப் பொத்தியது. அவர் நினைத்துச் செய்யவில்லை. கலியாண மண்டபத்தில் நானும் நினைத்துக் குனியவில்லையே, அது போலத்தான். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வந்தது பயம்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"என்னத்தைப் பொத்துறாய் கமலம்? அந்தப் பிள்ளை தொட்டு எட்டு நாளாச்சு. நான் செத்துப் போனனோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் அக்கா. கை இறங்கவில்லை.

"திமிங்கிலம் பாத்திட்டு வாறன் பிள்ளை," என்றார் அவர் என்னிடம். "பெரிய முதுகு. நீர் சொல்லும், ஆருடைய கை பட்டு அது வந்தது?"

நான் சிரித்தேன். சிரித்ததில் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. அக்கா சிரிக்கவில்லை. தொப்பியைத் திரும்பப் பைக்குள் வைக்கவும் மனம் வரவில்லை, தரவும் வரவில்லை. கடைசியில் நுனியைப் பிடித்து நீட்டினார். நான் மற்ற நுனியைப் பிடித்தேன். விரல் படாமல் அது கை மாறியது. "ஆருக்கெண்டாலும் குடுங்கோ," என்றுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். வாசலடியில் ஐயா கையைத் தூக்கி எனக்கு ஆட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டாஃப் ரூமுக்குப் போய், பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, என் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். லெஸ்லி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி வரியைக் கறுப்புப் பேனாவால் எழுத்துத் தெரியாமல் வெட்டினேன்.

"என்ன செய்கிறாய்?"

"அது பொய், லெஸ்லி. நான் எழுதின பொய். அப்படி ஒரு விதி எங்களில் இல்லை."

அவன் காது சிவக்கத் தொடங்கியது. மூன்று வருஷம் அந்த வரி சுவரில் இருந்தது. அதற்காக அவன் மேலிடத்தில் வாங்கின பேச்சு எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோபத்தை விழுங்கி, "அப்படியானால் யார் தொடலாம்?" என்று மட்டும் கேட்டான்.

"யாருடைய வேலையோ அவர்," என்றேன். "இங்கே என்றால் நாங்கள்தான். நான்தான்."

இனி இதற்கு மேலிடம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. சோதனையில் தப்பின வேலை இந்தப் பேனாக் கீறலில் போனாலும் போகும். அது போகட்டும். எனக்கு வேறொன்றுதான் கிடந்து அரிக்கிறது. கணேசலிங்கம் ஐயா இந்த வருஷத்தைத் தாண்டமாட்டார். அவர் போகிற நாள் நோயால் போவார், அது டாக்டர்மாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வெஸ்ட் ஈலிங்கில் அந்தக் கொடியை யாரோ தலைக்கு மேலால் எடுக்கிற நொடியில், கமலாம்பிகை அக்காவுக்கு என் கைதான் ஞாபகம் வரும். அந்த வரியை நான் எந்தப் பேனாவால் வெட்டுவேன்?

தொப்பியைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பன்னிரண்டு மணி. முதல் ஆள் ஒரு கலியாணப் பெண், கையில் மருதாணி இன்னும் சிவப்பு மாறவில்லை. வாசல் கத்தியது.